மோட்டார் சைக்கிள் சங்கிலியை மாற்றும் காலம்

(பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கமலை கட்டி நீர் இறைத்த காலத்தில், மாட்டைப் பூட்டுமுன் வடத்தைத் தடவிப் பார்த்த பெரியவர்கள் உண்டு. புரி தேய்ந்திருப்பது கைக்குத் தெரிந்தால், வடம் அறுந்து சால் கிணற்றில் விழும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. கமலைகள் இன்று மறைந்துவிட்டன. பால் கேனையும், உர மூட்டையையும், புல்லுக்கட்டையும், பள்ளிக்குச் செல்லும் குழந்தையையும் இப்பொழுது சுமப்பது மோட்டார் சைக்கிள். அதற்கும் ஒரு வடம் உண்டு. அதுவே அதன் சங்கிலி. அச்சங்கிலியையும், அது ஓடும் இரண்டு பல்சக்கரங்களையும் எப்பொழுது மாற்றவேண்டும் என்பதையே இன்று எடுத்துரைக்க விரும்புகிறேன். பழுது பார்க்கும் கடைகளில் இம்மூன்றையும் சேர்த்து ‘செயின் ஸ்பிராக்கெட்’ என்று வழங்குவதை நீங்கள் அறிவீர்கள்.

இவ்வகை உருளைச் சங்கிலிக்கு, ஹான்ஸ் ரெனால்டு என்னும் பொறியாளர் 1880ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் இன்றும் ஓடுவது அந்த அமைப்பே. சங்கிலி ‘நீண்டுவிட்டது’ என்று நாம் சொல்கிறோம். ஆனால், அதன் இரும்புத் தகடுகள் இழுபட்டு நீள்வதில்லை. ஒவ்வொரு மூட்டிலும் ஓர் ஆணி உண்டு. அவ்வாணியைச் சுற்றி ஒரு சிறு குழல் உண்டு. இவ்விரண்டும் உராய்ந்து தேயும்பொழுது மூட்டில் இடைவெளி உண்டாகிறது. ஒரு மூட்டில் அது கண்ணுக்குத் தெரியாது. சுமார் 110 மூட்டுகள் உள்ள சங்கிலியில், மூட்டுக்குக் கால் மில்லிமீட்டர் தேய்ந்தால், மொத்த நீளம் ஏறத்தாழ ஓர் அங்குலம் கூடிவிடும்.

‘எத்தனை கிலோமீட்டர் ஓடியபின் மாற்றலாம்?’ என்று பலர் கேட்பதுண்டு. இதற்கு ஒரே விடை கூற இயலாது. தார்ச் சாலையில் ஒருவரை மட்டும் ஏற்றி ஓடும் வண்டியும், மூட்டைகளுடன் வயல் வரப்பிலும் சேற்றிலும் ஓடும் வண்டியும் ஒரே அளவில் தேய்வதில்லை. எண்ணெயுடன் மண் கலந்தால் அது சாணைக்கல் போல் இரும்பை அரைக்கும். ஆகையால் தூரத்தைக் கொண்டு ஊகிப்பதைவிட, அளந்து அறிவதே சிறந்த வழியாகும்.

அளக்கும் முறை எளிது. நம் கிராமங்களில் மிகுதியாக உள்ள 100 முதல் 125 சி.சி. வரையிலான வண்டிகள் பெரும்பாலானவற்றின் சங்கிலியில், ஓர் ஆணிக்கும் அடுத்த ஆணிக்கும் உள்ள தூரம் அரை அங்குலம். எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துவிட்டு, சங்கிலியைத் தளர்வின்றி இழுத்துப் பிடியுங்கள். ஓர் ஆணியைப் பூஜ்யமாகக் கொண்டு, அதிலிருந்து 20ஆவது ஆணிவரை, நடுவிலிருந்து நடுவாக அளவுகோலால் அளவுங்கள். புதிய சங்கிலியில் இந்நீளம் சரியாக 10 அங்குலம், அதாவது 254 மில்லிமீட்டர் இருக்கும். இது 2 சதவீதம் கூடி 259 மில்லிமீட்டரைத் தொட்டால், அச்சங்கிலியின் காலம் முடிந்தது என்று கொள்ளலாம். தேய்மானம் எங்கும் ஒன்றுபோல் இராது. ஆகவே சக்கரத்தைக் கையால் உருட்டி மூன்று நான்கு இடங்களில் அளக்கவேண்டும். பெரிய வண்டிகளின் கண்ணி அளவு வேறு. அவற்றிற்கும், இதனினும் குறைந்த வரம்பு குறிக்கப்பட்டுள்ள வண்டிகளுக்கும், வண்டியுடன் தரும் கைப்புத்தகத்தின் அளவையே பின்பற்றவேண்டும்.

அளவுகோல் இல்லாதபொழுதும் சில அடையாளங்கள் உதவும். பின் பல்சக்கரத்தின் கடைக்கோடியில் சங்கிலியை விரலால் பின்னோக்கி இழுத்தால், பல்லில் பாதி வெளியே தெரியக்கூடாது. பற்கள் அரிவாள் நுனிபோல் ஒரு புறம் வளைந்திருந்தாலும், கூர்மையாகியிருந்தாலும், அச்சக்கரம் பயன்படாது. முன் சக்கரத்தைக் கட்டாயம் பார்க்கவேண்டும். அதற்கு 14 பல்லும் பின் சக்கரத்திற்கு 42 பல்லும் இருந்தால், முன் பல் ஒவ்வொன்றும் மூன்று மடங்கு அதிகமாக உழைக்கிறது, விரைவிலும் தேய்கிறது. சங்கிலி தகட்டு உறையால் மூடப்பட்ட வண்டிகளில், அடைப்பை நீக்கிப் பார்க்கும் துளை போதாது. உறையைக் கழற்றியே பற்களைப் பார்க்க இயலும். துருவேறி மடங்காத கண்ணியோ, விரிசல் விட்ட தகடோ, உடைந்த உருளையோ காணப்பட்டால், அளவு எதுவாயினும் சங்கிலியை மாற்றவேண்டும்.

பின்சக்கரத்தைப் பின்னுக்குத் தள்ளிச் சங்கிலியை இறுக்கும் அமைப்பு, தன் கடைசிக் குறியை எட்டிவிட்டால், சிலர் கண்ணியை வெட்டி எடுத்துச் சங்கிலியைக் குறுக்கி ஓட்டுகிறார்கள். இது சிக்கனமன்று. நீளத்தைக் குறைத்தோமேயன்றி, எஞ்சிய மூட்டுகளின் தேய்மானத்தைக் குறைக்கவில்லை. அத்தகைய சங்கிலி பற்களின்மேல் ஏறி வழுக்கும். அறுந்தால் எஞ்சின் உறையை உடைக்கும். சுருண்டு சிக்கினால் பின்சக்கரம் சட்டென்று நின்றுவிடும். பின்னால் குழந்தை அமர்ந்திருக்கும் வேளையில் இது நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

சங்கிலியை மட்டும் மாற்றினால் செலவு குறையுமே என்று தோன்றலாம். தேய்ந்த பல்லின்மேல் புதிய சங்கிலி சரியாகப் பொருந்தாமல் விரைவில் கெடும். தேய்ந்த சங்கிலி புதிய பல்லைக் கெடுக்கும். ஆகையால் மூன்றையும் ஒருங்கே மாற்றுவதே முடிவில் இலாபம். இணைப்புக் கண்ணியில் கிளிப் இருந்தால், அதன் மூடிய முனை சங்கிலி ஓடும் திசையை நோக்கி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நன்கு பேணினால் சங்கிலி நெடுநாள் உழைக்கும். சேற்றில் ஓடிய பின்னரும், ஏறத்தாழ 500 கிலோமீட்டருக்கு ஒரு முறையும், மண்ணெண்ணெய் தோய்த்த மென்மையான தூரிகையால் துடைத்து, உலர்ந்தபின் 90ஆம் எண் கியர் எண்ணெயை அளவாக இடுங்கள். பெட்ரோலும், கழிவு எஞ்சின் எண்ணெயும் வேண்டா. எஞ்சினை ஓடவிட்டுச் சக்கரம் சுழலும்பொழுது துணியால் துடைப்பது விரலையே பறித்துவிடும். தளர்வைக் கைப்புத்தகம் கூறும் அளவில் வைத்திருங்கள். அளவுக்கு மீறி இறுக்கினால், சுமை ஏறியவுடன் சங்கிலி மேலும் விறைத்துத் தாங்கிகளையும் கெடுக்கும். இறுக்கிய பின்னர்ச் சக்கரம் நேராக உள்ளதா, பின் பிரேக் சரியாகப் பிடிக்கிறதா என்று சோதிக்க மறவாதீர்கள்.

பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கு ஒரு வேண்டுகோள். பஞ்சாயத்துப் பணிக்கு மோட்டார் சைக்கிள் இருக்குமாயின், சங்கிலி மாற்றிய நாளையும், அன்று ஓடியிருந்த கிலோமீட்டரையும், பின்னர் மாதந்தோறும் அளந்த நீளத்தையும் ஒரு நோட்டில் எழுதிவரச் செய்யுங்கள். பால் சங்கத்திற்குக் காலையில் பல வண்டிகள் வருகின்றன. ஊரில் தொழில் தெரிந்த இளைஞர் ஒருவர் மாதம் ஒரு நாள் அங்கே அளவுகோலுடன் நின்றால், எல்லா வண்டிகளையும் பார்த்துவிடலாம். இதற்கு மானியமும் வேண்டா, கட்டடமும் வேண்டா. மாற்றவேண்டியதை ஒத்திப்போடுவதும் நஷ்டம். நல்ல சங்கிலியைப் பிறர் சொல் கேட்டு எறிவதும் நஷ்டம். 10 அங்குல நீளத்தை அளக்கத் தெரிந்தவர் இவ்விரு நஷ்டங்களிலிருந்தும் தப்பலாம்.