எழுதியது வாசகர், மாட்டிக்கொண்டது நிறுவனர்



உங்களில் எத்தனை பேர் இணையத்தில் புனைபெயரில் கருத்து எழுதுகிறீர்கள்? கையைத் தூக்க வேண்டாம், நானும் எழுதுகிறவன்தான். எழுதிவிட்டு நாம் படுக்கப் போய்விடுகிறோம். மறுநாள் போலீஸ் யார் கதவைத் தட்டுகிறது? அதைத்தான் பேச வந்தேன்.

பிரமேஷ் சந்திரன், ஸ்டீவன் கான் இருவரும் 'த சன்' நாளேட்டில் வேலை பார்த்தவர்கள். 1995இல் செமினி தடுப்பு முகாமில் 59 பேர் மாண்ட விவரத்தை ஸ்டீவன் கானும் சகாக்களும் திரட்டினார்கள். ஏடு போடவில்லை. தெனாகானித்தாவின் ஐரின் பெர்னாண்டஸ் வழியாகத்தான் அது வெளியே வந்தது. அச்சு ஏட்டுக்கு 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்துறை அமைச்சின் பெர்மிட் வேண்டும். 2012 வரை அதை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டியிருந்தது. எந்த முதலாளி துணிவார்?

இணையத்திற்கு அந்த பெர்மிட் தேவையில்லை. மல்டிமீடியா சூப்பர் கோரிடோருக்கு அந்நிய முதலீட்டை இழுக்க, இணையத்தைத் தணிக்கை செய்ய மாட்டோம் என்று மகாதீர் அரசாங்கமே வாக்குக் கொடுத்திருந்தது. அந்த இடுக்கில் நுழைந்து 1999 நவம்பர் 20இல் இருவரும் மலேசியாகினியைத் தொடங்கினார்கள். ஒன்பதாம் நாள் பொதுத்தேர்தல்!

பிறகு நடந்தது நமக்குத் தெரியும். நிருபர்களுக்கு அரசாங்க ஊடக அட்டை இல்லை. அமைச்சர்களின் செய்தியாளர் கூட்டங்களில் வெளியே போகச் சொன்னார்கள்.

2003 ஜனவரி 20இல் போலீஸ் அலுவலகத்துக்குள் நுழைந்து 19 கணினிகளை அள்ளிக்கொண்டு போனது. காரணம் ஒரு வாசகர் கடிதம். மலாய்க்காரர் சிறப்புரிமையைக் கேள்வி கேட்டு, அம்னோ இளைஞர் பிரிவை அமெரிக்காவின் கு கிளக்ஸ் கிளானோடு ஒப்பிட்டுப் புனைபெயரில் ஒருவர் எழுதியிருந்தார். இளைஞர் பிரிவு போலீசில் புகார் செய்தது. எழுதியவர் யார் என்று போலீஸ் கேட்டது. சொல்ல மறுத்துவிட்டார்கள். கவனியுங்கள், பெயரைச் சொல்லியிருந்தால் கணினிகளாவது சீக்கிரம் திரும்பியிருக்கும்.

பதினேழு ஆண்டு கழித்து அதே கதை. 2020 ஜூனில் ஒரு செய்தியின் கீழே ஐந்து வாசகர்கள் நீதித்துறையைத் தாக்கிக் கருத்து எழுதினார்கள். போலீஸ் தொடர்பு கொண்டதும் நிமிடக் கணக்கில் அவற்றை நீக்கினார்கள். போதவில்லை. 2012இல் சாட்சியச் சட்டத்தில் சேர்த்த 114ஏ பிரிவின்படி, தளத்தை நடத்துகிறவரே வெளியிட்டவர் என்று கருதப்படுவார். 2021 பிப்ரவரி 19இல் கூட்டரசு நீதிமன்றம் நிறுவனத்தை நீதிமன்ற அவமதிப்புக் குற்றவாளி என்றது. ஆறு நீதிபதிகள் ஒரு பக்கம், நளினி பத்மநாதன் ஒருவர் மட்டும் மறுபக்கம். ஸ்டீவன் கான் விடுவிக்கப்பட்டார். அரசுத் தரப்பு கேட்ட அபராதம் 2 லட்சம் வெள்ளி. நீதிமன்றம் விதித்தது 5 லட்சம்!

அந்தப் பணம் சில மணி நேரத்தில் சேர்ந்துவிட்டது. கொடுத்தவர்கள் வாசகர்கள்தான். நானும் ஐம்பது வெள்ளி போட்டேன். பெருமைக்குச் சொல்லவில்லை. 2003இல் சந்தா கட்டாமல், நண்பரின் கடவுச்சொல்லில் ஓசியில் படித்தவன் நான். பழைய பாக்கி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கருத்து எழுதிய அந்த ஐந்து பேரும் ஏதாவது போட்டிருப்பார்களா என்று அன்றிரவு யோசித்துக்கொண்டிருந்தேன்.