வயலுக்குப் போட்ட மருந்து இறாலுக்கும் நஞ்சு

கும்மிடிப்பூண்டி என்றதும் சிப்காட் தொழிற்பேட்டைக் கழிவுநீர்தான் பேச்சுக்கு வரும். பேச வேண்டியதுதான். ஆனால் அந்தத் தொழிற்பேட்டையைச் சுற்றி ஊத்துக்கோட்டை, பொன்னேரி, மீஞ்சூர் என்று நெல் வயல்கள் கிடக்கின்றனவே, அங்கே அடிக்கிற பூச்சிமருந்து மழை பெய்ததும் எங்கே போகிறது? வடிகால் வழியாக ஏரிக்கு, ஆரணியாற்றுக்கு, கடைசியில் பழவேற்காட்டுக்கு. வழியெல்லாம் இறாலும் நண்டும் வாழ்கின்றன.

பூச்சியும் இறாலும் ஒரே குலம்; இரண்டும் கணுக்காலிகள். தண்டுத் துளைப்பானின் நரம்பைத் தாக்கும் மருந்து இறாலின் நரம்பையும் தாக்கும். சைபர்மெத்ரின் போன்றவை மீனுக்கே ஆகாதவை. இறாலுக்கு அதைவிடக் குறைந்த அளவே போதும்.

அமெரிக்காவின் லூசியானாவில், நம்மிடம் இயற்கையாக இல்லாத ஒருவகை நன்னீர்ச் சிங்கி இறாலை நெல் வயல்களிலேயே வளர்க்கிறார்கள். 1999இல் அங்கே ஃபிப்ரோனில் என்ற பூச்சிமருந்து கலந்த விதைநெல் வந்தது. சிங்கி இறால்கள் செத்துப்போயின என்று வளர்த்தவர்கள் வழக்குப் போட்டார்கள், 2004இல் 4.5 கோடி டாலருக்கு உடன்பாடு ஏற்பட்டது. அதே ஃபிப்ரோனில் நம் மருந்துக் கடைகளில் நெல்லுக்கான குருணையாகக் கிடைக்கிறது.

பழவேற்காட்டிலும் எண்ணூரிலும் தண்ணீரில் இறங்கி, கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பத்தார் எந்த நீதிமன்றத்துக்குப் போவார்கள்? அவர்களுக்குக் குளம் சொந்தமில்லை, நட்டத்தைக் காட்டக் கணக்கும் இல்லை. "இன்னைக்கு எறா படல" என்பதோடு அந்த நாள் முடிந்துவிடுகிறது. ஏற்றுமதி இறாலுக்கு நச்சு எச்சம் பார்க்கும் சோதனை உண்டு. தெருவில் கூறு வைத்து விற்கும் இறாலை நம் பிள்ளைகள்தானே சாப்பிடுகிறார்கள்? இந்த ஓரவஞ்சனையை என்னால் ஏற்க முடியவில்லை.

பழைய மருந்துகளும் விட்டுப்போகவில்லை. விவசாயத்தில் டி.டி.டி.யை 1989இல் தடை செய்தார்கள். எண்டோசல்ஃபானை உச்ச நீதிமன்றம் 2011இல் நிறுத்தியது. டி.டி.டி. சேற்றில் ஆண்டுக்கணக்கில் தங்கும். கொழுப்பில் கரைவதால் இறால் தலைக்குள் இருக்கும் சுரப்பியில் சேரும். தலையோடு வைக்கும் குழம்பின் ருசி எனக்கும் தெரியும். ஆனாலும் கழிவு கலக்கும் நீரில் பிடித்ததென்றால் தலையைக் கிள்ளிவிடுங்கள்.

விவசாயிகளே, மருந்து போட்டபின் மடையை அடைத்துச் சில நாள் தண்ணீரை வயலிலேயே நிறுத்துங்கள். மழை கட்டி நிற்கும்போது அடிக்காதீர்கள். தெளிப்பானை வாய்க்காலில் கழுவாதீர்கள். அரசோ, ஆலைக் கழிவைச் சோதிப்பதோடு நிற்காமல் ஏரிச் சேற்றையும் இறாலையும் பூச்சிமருந்துக்காகச் சோதித்து, முடிவை ஒவ்வொரு ஊராட்சிப் பலகையிலும் எழுதிப் போட வேண்டும்.