புகார் குறைந்தால் போதுமா?



கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய தமிழகப் பள்ளிகள், 1 முதல் 8ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தன. பள்ளியில் கிடைத்த மதியச் சோறு மட்டுமா நின்றது? கையில் தழும்பைப் பார்த்து, "என்னம்மா ஆச்சு?" என்று கேட்கும் டீச்சரும் இல்லாமல் போனார்.

அமெரிக்காவில் 2020இல், கொடுமைக்கு ஆளாகி அவசர சிகிச்சைக்கு வந்த குழந்தைகள் முந்திய ஆண்டைவிடக் குறைவு. ஆனால் வந்தவர்களில் உள்நோயாளியாகச் சேர்க்கப்பட்டோரின் விகிதம் கூடியது. லேசான அடி வெளியே தெரியவில்லை என்றே நாம் அஞ்ச வேண்டும்.

பிள்ளைகள் நம் அமானிதம். இன்னொரு நோய்க்காலம் வந்தால், நிவாரணப் பை கொடுக்கப் போகும் நாம் வாசலோடு திரும்ப வேண்டாம். பிள்ளைகளைப் பார்த்து இரண்டு வார்த்தை பேசிவிட்டு வருவோம். சந்தேகம் எழுந்தால் 1098க்கு அழைப்போம். கட்டணமில்லை; 24 மணி நேரமும் எடுப்பார்கள்.