வீட்டிலேயே டயாலிசிஸ்: செவிலியர் பெற வேண்டிய பயிற்சி



சிறுநீரகம் செயலிழந்தவருக்கு டயாலிசிஸ் என்றதும் நகரத்து மருத்துவமனையும், இயந்திரமும், வாரம் மூன்று முறை பஸ் பயணமுமே நம் நினைவுக்கு வருகின்றன. கூலிக்குச் செல்பவர் வாரத்தில் மூன்று நாளை இவ்வாறு இழந்தால் வீட்டில் அடுப்பு எரிவது எங்ஙனம்? இயந்திரமின்றி வீட்டிலேயே செய்துகொள்ளும் முறையும் உண்டு. வயிற்றினுள் குடலைப் போர்த்தியுள்ள மெல்லிய சவ்வே அதில் வடிகட்டியாகப் பயன்படுகிறது. 1976-இல் அமெரிக்காவில் போப்போவிச், மான்கிரீஃப் என்னும் இருவர் இம்முறையை வகுத்தனர். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், இதற்கான திரவப் பைகளை நோயாளியின் இல்லத்திற்கே வழங்குவதும் சேர்க்கப்பட்டது.

வயிற்றில் பொருத்திய மென்குழாய் வழியே சுமார் 2 லிட்டர் திரவம் உட்செல்லும். 4 முதல் 6 மணி நேரம் தங்கி, இரத்தத்திலுள்ள கழிவையும் மிகுதியான நீரையும் ஈர்த்துக்கொள்ளும். பின்னர் அதை வடித்துவிட்டுப் புதிய திரவம் நிரப்ப வேண்டும். பெரும்பாலோர்க்கு நாளொன்றுக்கு நான்கு முறை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ அரைமணி வேலை.

வேலை எளிதுதான், ஆபத்தோ கைவிரலில் இருக்கிறது. குழாயின் திறந்த முனையில் விரல் பட்டுவிட்டால் கிருமி உட்புகுந்து வயிற்றுச் சவ்வு அழற்சியுறும். அது அடிக்கடி நேர்ந்தால் சவ்வு பழுதாகி இம்முறையையே கைவிட நேரும். உயிருக்கும் கேடு விளையும். ஆதலின் நாங்கள் செவிலியர்க்கு முதலில் கற்பிப்பது கை கழுவுதல். "இதற்கா வந்தோம்?" என்று சிலர் முறுவலிப்பதுண்டு! அடுத்து, மின்விசிறியை நிறுத்துதல், கதவைச் சாத்துதல், வாயும் மூக்கும் மூடுதல். குழாய் பொருத்திய மேலங்கியை அணிந்து, தாமே நோயாளிபோல் பையை மாற்றியும் பழகுவர்.

தொடக்கத்தில் எங்களிடமே ஒரு குறை இருந்தது. செவிலியர்க்குச் செய்முறையைக் கற்பித்தோமேயன்றி, அதனைப் பிறர்க்குக் கற்பிக்கும் வகையைக் கற்பிக்கவில்லை. விவசாயி ஒருவர் எல்லாவற்றிற்கும் தலையசைத்துவிட்டு வீடு சென்றார். பையை வெதுவெதுப்பாக்க அதனை வெந்நீர்ப் பானையில் அமிழ்த்தி வந்தார். ஈரத்தோடு கிருமியும் இணைப்பில் ஏறியது. பல நாள் மருத்துவமனையில் கிடந்து பிழைத்தார். "எப்படிச் சூடாக்குவீர்கள்?" என்று எவரும் அவரைக் கேட்கவில்லை. இப்போது "புரிந்ததா?" என்று கேட்பதை விட்டுவிட்டோம், "செய்து காட்டுங்கள்" என்கிறோம். செவிலியர் வீட்டிற்கும் சென்று, பை மாற்றும் இடத்தைக் கண்ணால் பார்த்தல் வேண்டும்.

வடித்த பையை அச்சிட்ட தாளின்மேல் வைத்தால் எழுத்துகள் தெளிவாகத் தெரிய வேண்டும். கலங்கித் தோன்றினால், வலியோ காய்ச்சலோ வரட்டும் என்று காத்திராமல், அப்பையுடனேயே அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். திரவத்தோடு புரதமும் வெளியேறுவதால், வெறுங்கஞ்சி போதாது; முட்டை, பருப்பு முதலியவற்றின் அளவை மருத்துவரிடம் கேட்டறிதல் நலம்.

பஞ்சாயத்தாரிடம் நாங்கள் வேண்டுவது சிறிதே. நாளுக்கு நான்கு பை எனில் மாதம் 120 பைகள். ஏறக்குறைய 240 கிலோ எடை. ஓலைக் குடிசையில் எலியும் ஈரமும் தீண்டாமல் இவற்றை எங்கே அடுக்குவது? உலர்ந்த அறையொன்றில் ஒரு மூலை கிடைத்தால் போதும். வடித்த திரவத்தைக் கழிவறையில் ஊற்றிவிடலாம்; வெற்றுப் பைகளை வாய்க்காலில் எறியாதபடி அகற்ற ஏற்பாடு வேண்டும். பை கலங்கிய நாளில், நள்ளிரவாயினும் ஒரு வண்டி கிடைக்க வேண்டும். எந்த வீட்டில் இத்தகைய நோயாளி இருக்கிறார் என்பதை உங்கள் கிராமச் செவிலியரிடம் இவ்வாரமே கேட்டறியுங்கள்.