மாதவிலக்கு நிற்கும் பருவமும் சிறுநீர்த் தொல்லையும்

(தம்பதியர் கூட்டத்தில் பெண் மருத்துவ அலுவலர் ஆற்றிய உரை)



குடும்ப நலக் கூட்டம் என்றால் கருத்தடை, பிரசவம், தடுப்பூசி இவற்றைத்தான் பேசுவார்கள் என்று எண்ணி வந்திருப்பீர்கள். பிள்ளைகளைப் பெற்று வளர்த்து, கல்யாணமும் செய்து வைத்துவிட்ட தாய்க்குக் குடும்ப நலத்தில் பங்கு இல்லையா? இன்று அவர்களைப் பற்றித்தான் பேசப் போகிறேன். விஷயம் சிறுநீர். சிரிக்காதீங்க. சிரித்தாலே சேலை நனைந்துவிடும் என்று பயந்து, சிரிப்பையே அடக்கிக்கொண்டு இருக்கிற தாய்மார்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள்.

நம் நாட்டில் பெரும்பாலான பெண்களுக்கு 45 வயதை ஒட்டி, 50க்குள் மாதவிலக்கு நின்றுவிடுகிறது. தொடர்ந்து 12 மாதம் தூரம் வராமல் இருந்தால் முழுமையாக நின்றுவிட்டது என்று பொருள். இது நோய் அல்ல. உடம்பில் அனல் அடிப்பது, திடீரென்று வியர்த்துக் கொட்டுவது, தூக்கம் கெடுவது, காரணமில்லாமல் கோபம் வருவது, இவையெல்லாம் இந்தப் பருவத்தில் உண்டு என்பது ஓரளவு எல்லோருக்கும் தெரியும். சிறுநீர்ப்பைக்கும் இந்தப் பருவத்துக்கும் சம்பந்தம் உண்டு என்பதுதான் பலருக்குத் தெரியாது. தும்மினால், இருமினால், குடத்தைத் தூக்கினால் கொஞ்சம் நீர் கசியும். சிலருக்கு "ஒண்ணுக்கு வருதே" என்று நினைத்துக் கொல்லைப்புறம் போய்ச் சேருவதற்குள் போய்விடும். இரவில் மூன்று முறை, நாலு முறை எழுந்திருக்க வேண்டியிருக்கும். சிலருக்கு நீர்க்கடுப்பு திரும்பத் திரும்ப வரும். தாம்பத்தியத்தின்போது வறட்சியும் வலியும் இருக்கும்.

இதற்கு நம் தாய்மார்கள் தாங்களாகவே ஒரு வைத்தியம் செய்துகொள்கிறார்கள். தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுகிறார்கள். பஸ் பயணம் என்றால் முதல் நாள் இரவிலிருந்தே தண்ணீர் கிடையாது. காட்டு வேலைக்குப் போனால் ஒதுங்க இடமில்லை என்று பொழுது சாயும்வரை ஒரு வாய் நீர் குடிப்பதில்லை. அப்புறம் உறவு வீட்டுக் கல்யாணத்துக்கும் போவதில்லை. "கால் வலிக்குதுங்க, நீங்க போயிட்டு வாங்க" என்று வீட்டுக்காரரை மட்டும் அனுப்பிவிடுகிறார்கள். அவரும் கால் வலி என்றே நம்பி, திரும்பி வரும்போது தைலம் வாங்கி வருவார்!

தண்ணீரைக் குறைப்பது தவறான வைத்தியம். குறைவாகக் குடித்தால் சிறுநீர் கெட்டியாகும். கெட்டியான நீர் பையை உறுத்தும். உறுத்தினால் அடிக்கடி வரும். தேங்கிய நீரில் கிருமியும் எளிதாகப் பெருகும். எந்தத் தொல்லைக்குப் பயந்தார்களோ அதையே வளர்த்துக்கொள்கிறார்கள்.

இந்தக் கோளாறு ஏன் வருகிறது? பெண்ணின் சினைப்பையில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் சுரக்கிறது. பிறப்புப் பாதை, சிறுநீர் வெளிவரும் குழாய், சிறுநீர்ப்பையின் அடிப்பகுதி இவை பக்கத்துப் பக்கத்து வயல்கள் மாதிரி. எல்லாவற்றுக்கும் பாய்வது இந்த ஒரே வாய்க்கால் தண்ணீர்தான். மாதவிலக்கு நிற்கும்போது தலைமடை அடைபடுகிறது. வயல்கள் எல்லாம் காய்கின்றன. தடிமனாகவும் ஈரமாகவும் இருந்த உள்தோல் மெலிந்து உலர்ந்து போகிறது. அதனால் எரிகிறது, அவசரமாக வருகிறது.

இன்னொன்றும் நடக்கிறது. பிறப்புப் பாதையில் நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. தயிரைப் புளிக்க வைக்கிற கூட்டத்தைச் சேர்ந்தவை அவை. அங்கே இலேசான புளிப்பை உண்டாக்கிக் கெட்ட கிருமிகளை அண்டவிடாமல் காவல் காக்கின்றன. ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் இந்தக் காவலர்களும் குறைந்து போகிறார்கள். மலவாசல் பக்கத்துக் கிருமிகள் சிறுநீர்ப் பாதைக்குள் எளிதாக ஏறிவிடுகின்றன. (அதற்காக யாரும் தயிரை அங்கே தடவ வேண்டாம். சோப்பு, டெட்டால் போட்டு உள்ளே கழுவவும் வேண்டாம். மிச்சமிருக்கும் காவலையும் அது துரத்திவிடும். வெறும் தண்ணீரால் முன்னிருந்து பின்பக்கமாகக் கழுவினால் போதும்.)

அனல் அடிப்பது பலருக்குச் சில வருஷங்களில் தானாக அடங்கிவிடும். இந்த வறட்சி அப்படி அடங்காது. கவனிக்காமல் விட்டால் வயது ஏற ஏறக் கூடும். "போகப் போகச் சரியாயிடும்" என்று காத்திருந்து பயன் இல்லை.

ஆனால் எல்லாப் பழியையும் மாதவிலக்கின்மேல் போட்டுவிட முடியாது. பல பிரசவங்களில் அடிவயிற்றைத் தாங்கும் தசைகள் தளர்ந்திருக்கலாம். கர்ப்பப்பை இறங்கியிருக்கலாம். விறகுப் புகையால் வந்த நாள்பட்ட இருமல், மலச்சிக்கல், உடல் பருமன், இவை எல்லாமே பையை அழுத்துபவை. சர்க்கரை வியாதி இருந்தாலும் நீர் அடிக்கடி போகும், கிருமியும் எளிதில் தொற்றும். எனவே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்து முதலில் சிறுநீரையும் ரத்தத்தில் சர்க்கரையையும் சோதித்துக்கொள்ளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் ஊழியரிடமும், உங்கள் கிராம சுகாதார செவிலியரிடமும் இதைச் சொல்லலாம். நீர்க்கடுப்புக்கு மருந்துக் கடையில் கேட்டு இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டு, எரிச்சல் தணிந்ததும் நிறுத்திவிடாதீர்கள். கிருமி சாகாது. மருந்துக்குப் பழகிக்கொள்ளும். இளநீரும் பார்லிக் கஞ்சியும் நல்லவைதான், குடியுங்கள். ஆனால் கிருமி தொற்றியபின் அவை மட்டும் போதாது.

இனி, பலரும் கேட்கும் ஹார்மோன் சிகிச்சைக்கு வருகிறேன். "சுரப்பு குறைந்தது என்கிறீர்கள், அதையே மாத்திரையாகக் கொடுத்தால் என்ன?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. டாக்டர்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தார்கள். அமெரிக்காவில் 50 முதல் 79 வயது வரையுள்ள 16,608 பெண்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஹார்மோன் மாத்திரையும், மறு பிரிவுக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். ஹார்மோன் சாப்பிட்டவர்களிடம் மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், ரத்தக் கட்டி முதலியவை சற்று அதிகமாகக் காணப்பட்டதால், 2002இல் அந்த ஆராய்ச்சியைப் பாதியில் நிறுத்தினார்கள். நமக்கு வேண்டிய சங்கதி 2005இல் வெளிவந்தது. நீர்க்கசிவே இல்லாமல் இருந்த பெண்களில், ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டவர்களுக்குத்தான் ஒரு வருஷத்தில் அதிகமாகக் கசிவு உண்டாகியிருந்தது. ஆக, வாய்வழி ஹார்மோன் மாத்திரை சிறுநீர்க் கசிவுக்கு மருந்தே அல்ல.

மாத்திரையே கூடாதா என்றால், அப்படியும் இல்லை. அனலும் வியர்வையும் தாங்க முடியாத அளவு இருந்து, வயது 60க்குள், மாதவிலக்கு நின்று 10 வருஷத்துக்குள் இருப்பவர்களில் பலருக்கு ஆபத்தைவிட நன்மை அதிகம் என்று பிறகு தெரியவந்தது. 40 வயதுக்கு முன்பே நின்றுபோனவர்களுக்கு எலும்பைக் காப்பாற்ற அது தேவையும்கூட. கர்ப்பப்பை உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனைத் தனியாகக் கொடுத்தால் கர்ப்பப்பைப் புற்று வரலாம். அதனால் இன்னொரு ஹார்மோனையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். இதையெல்லாம் பரிசோதித்து முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர். பக்கத்து வீட்டு அக்காவின் சீட்டைக் காட்டி வாங்கும் மருந்து இல்லை இது.

சிறுநீர்த் தொல்லைக்கு உதவுவது வேறொரு முறை. ஈஸ்ட்ரோஜன் கலந்த களிம்பைச் சிறிதளவு, பிறப்புப் பாதைக்குள்ளேயே இடுவது. காய்ந்த வயலுக்கு மட்டும் குடத்தில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றுகிற மாதிரி. ரத்தத்தில் மிகக் குறைவாகவே கலக்கும். 1993இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், மாதவிலக்கு நின்றபின் அடிக்கடி நீர்க்கடுப்பால் அவதிப்பட்ட 93 பெண்களில் ஒரு பிரிவுக்கு இந்தக் களிம்பையும் மற்றவர்களுக்கு மருந்தில்லாத களிம்பையும் கொடுத்தார்கள். மருந்தில்லாதவர்களுக்கு வருஷத்துக்கு சராசரி 5.9 தடவை கிருமித் தொற்று வந்தது. மருந்து இட்டவர்களுக்கு 0.5 தடவைதான், அதாவது இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை! அவசரமாக வருவது, எரிச்சல், உறவின்போது வலி இவையும் இதனால் குறைகின்றன. இருமும்போது கசிவதற்கு இது மட்டும் போதாது. அதற்குப் பயிற்சி வேண்டும், பின்னால் சொல்கிறேன்.

வழக்கமாக முதல் இரண்டு வாரம் தினம் இரவிலும், பிறகு வாரத்துக்கு இரண்டு இரவும் இடச் சொல்வார்கள். குணம் தெரிய சில வாரங்கள், சிலருக்கு மூன்று மாதம்கூட ஆகும். நிறுத்தினால் வறட்சி திரும்பும். பெட்டிக்குள் இருக்கும் சீட்டில் மாத்திரைக்குரிய பயமுறுத்தல்களையே போட்டிருந்தால், படித்துவிட்டுக் களிம்பைத் தூக்கி எறியாதீங்க. டாக்டரைக் கேளுங்கள். மார்பகப் புற்றுநோய் வந்தவர்களும், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்களும் மட்டும் டாக்டர் சொல்லாமல் இதைத் தொடவே கூடாது.

"கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகுமாமே?" இந்தக் கேள்விதான் எனக்குக் கவலை தருகிறது. ஆகாது. சிறுநீர் எரிச்சலுக்கும் அவசரத்துக்கும் கர்ப்பப்பையை எடுப்பது வைத்தியம் அல்ல. கூடவே சினைப்பைகளையும் எடுத்துவிட்டால், 35 வயதுப் பெண்ணுக்கும் ஒரே நாளில் தலைமடை அடைபட்டு, இந்தத் தொல்லைகள் எல்லாம் வந்து சேரும். மகாராஷ்டிர மாநிலம் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்களில் பலருக்கு இளவயதிலேயே கர்ப்பப்பை எடுக்கப்பட்டிருந்தது 2019இல் பெரிய செய்தியாயிற்று. தேவையற்ற இந்த அறுவையைத் தடுக்கும் விதிகளை எல்லா மாநிலங்களும் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023இல் உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டது. யாராவது அவசரப்படுத்தி, நகையை அடகு வைத்தாவது ஆப்பரேஷன் செய்யச் சொன்னால், அரசு மருத்துவமனையில் இன்னொரு டாக்டரிடம் காட்டாமல் சம்மதிக்காதீர்கள்.

இப்போது பயிற்சி. காசு செலவில்லாதது. நாலு பேர் நடுவில் உட்கார்ந்துகொண்டே செய்யலாம், யாருக்கும் தெரியாது. காற்றுப் பிரிவதையும் சிறுநீரையும் ஒரே நேரத்தில் அடக்குவதுபோல் கீழ்த் தசைகளை உள்ளே மேலே இழுங்கள். ஐந்து எண்ணும்வரை பிடியுங்கள். அதே அளவு நேரம் தளர்த்துங்கள். மூச்சை அடக்கக் கூடாது. வயிறு, தொடை, பிட்டம் இறுகக் கூடாது. ஒரு வேளைக்கு பத்துத் தடவை, நாளுக்கு மூன்று வேளை. குறைந்தது மூன்று மாதம் விடாமல் செய்ய வேண்டும். பத்து நாள் செய்துவிட்டு "பலன் இல்லீங்க" என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்தி நிறுத்திப் பழக வேண்டாம். குடத்தைத் தூக்கும் முன்பும், தும்மல் வரும்போதும் ஒரு முறை இறுக்கிக்கொண்டால் கசிவு நிற்கும்.

அவசரமாக வருபவர்கள் பையைப் பழக்க வேண்டும். நினைத்தவுடன் ஓடாமல், உட்கார்ந்து, தசையை இறுக்கி, முதலில் ஐந்து நிமிஷம், பிறகு பத்து, பதினைந்து என்று தள்ளிப்போடுங்கள். சில வாரங்களில் இடைவெளி கூடும். பகலில் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் நீர் குடியுங்கள். வெயிலில் வேலை செய்தால் இன்னும் கூடுதல். இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் டாக்டர் சொன்ன அளவு. படுக்கப் போகும் இரண்டு மணி நேரத்துக்கு முன் காப்பி, டீயை நிறுத்துங்கள்.

வீட்டுக்காரர்களுக்குச் சில வார்த்தை. உறவுக்கு மனைவி தயங்கினால், அன்பு குறைந்துவிட்டது என்று எண்ணாதீர்கள். அங்கே வலிக்கிறது. அவர்களாகச் சொல்லக் கூச்சப்படுவார்கள், நீங்களாகக் கேளுங்கள். பயணத்தில் "ஏங்க, பஸ்ஸைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்களேன்" என்றால் முகம் சுளிக்காமல் நடத்துநரிடம் எழுந்து போய்ச் சொல்லுங்கள். அரசு உதவியில் கட்டிய கழிப்பறையில் விறகும் வரட்டியும் அடுக்கி வைத்திருந்தால் காலி செய்து, ஒரு விளக்குப் போட்டுக் கொடுங்கள். இருட்டில் அவசரமாக ஓடி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வது வயதான பெண்களுக்குப் பெரிய ஆபத்து.

கருத்தடை ஆப்பரேஷன் செய்துகொள்ளாத தம்பதியருக்கு ஒரு விஷயம். தூரம் தள்ளிப்போக ஆரம்பித்ததுமே இனி கர்ப்பம் தங்காது என்று நினைக்கக் கூடாது. 50 வயதுக்கு முன் நின்றால் இரண்டு வருஷமும், 50க்குப் பின் நின்றால் ஒரு வருஷமும் கருத்தடைப் பாதுகாப்பு தேவை. ஹார்மோன் களிம்போ மாத்திரையோ கருத்தடை ஆகாது.

காத்திருக்காமல் உடனே வர வேண்டியவர்களும் உண்டு. மாதவிலக்கு நின்று ஒரு வருஷம் ஆனபின் சொட்டு ரத்தம் பட்டாலும் வந்துவிடுங்கள். அது "மறுபடியும் தூரம்" அல்ல, புற்றுநோயாகவும் இருக்கலாம். சிறுநீரில் ரத்தம், குளிர்காய்ச்சலோடு விலாப்புற வலி, நீர் அடைத்துக்கொள்வது, இடைவிடாமல் ஒழுகுவது, கால் மரத்துப்போய்க் கசிவது, இவற்றுக்கும் அப்படியே. சந்தேகம் இருந்தால் 104 எண்ணுக்குப் போன் செய்து கேட்கலாம்.

மற்றவர்கள் வரும்போது மூன்று நாள் கணக்கைக் கொண்டு வாருங்கள். எத்தனை டம்ளர் குடித்தீர்கள், பகலில் எத்தனை தடவை, இரவில் எத்தனை தடவை போனீர்கள், எப்போது கசிந்தது என்பது போதும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் ஒவ்வொரு தடவைக்கும் அடுப்படிச் சுவரில் ஒரு கரிக்கோடு போடுங்கள். வீட்டுக்காரர் அதை எண்ணித் தாளில் எழுதிக் கொடுத்தனுப்பட்டும். கூடவே வந்தால் இன்னும் நல்லது.