கட்டிடமும் மருந்துதான்
(கந்தப்பளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வைத்தியசாலை கேட்கும்போது டாக்டரையும் மருந்தையும் கேட்கிறோம். கட்டிடம் எப்படி இருக்க வேண்டும் என்று நாம் சொல்வதில்லை. சொல்ல வேண்டும்.

1984இல் ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர், அமெரிக்காவில் பித்தப்பை சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களை ஒப்பிட்டார். சன்னல் வழியே மரங்களைப் பார்த்துப் படுத்திருந்தவர்கள், செங்கற்சுவரைப் பார்த்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது.

நமக்கு மரத்துக்கும் மலைக்கும் பஞ்சமில்லை. குளிர்தான் பிரச்சினை. குளிருக்காகச் சன்னலை அடைத்தால் இருமுகிறவரின் மூச்சுக்காற்று வார்ட்டிலேயே தங்கிவிடும். சயரோகம் காற்றின் வழியேதான் தொற்றுகிறது. ஆகவே சுவரின் மேற்பகுதியில் இரு பக்கமும் காற்றுத் துவாரம் வேண்டும். கட்டிலில் ஊதல் காற்று படக்கூடாது. காலை வெயில் உள்ளே விழ வேண்டும்.

2017 மே மாதம் டிக்கோயாவில், இந்திய உதவியில் கட்டிய 150 கட்டில் வைத்தியசாலையைப் பிரதமர் மோடி திறந்து வைத்தார். நல்லது. ஆனால் நடு இரவில் பிரசவ வலி வந்தால் நமக்குப் பக்கத்திலேயே வைத்தியசாலை வேண்டும். சிறியதானாலும் சரியாகக் கட்டியிருக்க வேண்டும்.

நமது கோரிக்கைகள்: மழையில் நனையாமல் நோயாளியை இறக்கக் கூரை போட்ட வாசல். வெந்நீர். பெண்களுக்குத் தாழ்ப்பாளுள்ள கழிப்பறை. துணைக்கு வருபவர் உட்கார இடம். தமிழில் அறிவிப்புப் பலகை.

தோட்டக் கமிட்டித் தலைவர்களே, பிளான் போடும் முன்பே இவற்றை எழுதிக் கொடுங்கள். கொழுந்து எடுக்கும் பெண்களையும் அந்தப் பேச்சுவார்த்தையில் உட்கார வையுங்கள். சுவர் எழும்பிய பிறகு சன்னல் கேட்டுப் பயனில்லை.