தாங்குசுவரும் தானியங்கிக் காமிராவும்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



என்னைப் பேச அழைத்தபோது, "ஏதாவது டெக்னிக்கலாப் பேசு, ஆனா போரடிக்காதே" என்றார்கள். இரண்டும் ஒன்றாக நடக்காது என்பது சிவில் பிரிவில் நாலு வருஷம் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். அதனால் நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். அடுத்தவன் தப்பு என்றால் யாரும் தூங்க மாட்டார்கள்.

சர்வே கேம்ப் ஞாபகம் இருக்கிறதல்லவா? வெயிலில் ஸ்டாஃப் பிடித்துக்கொண்டு நின்றோமே! எங்கள் சர்வேயிங் பேராசிரியர் தியோடலைட்டைக் கையில் கொடுக்கும்போதே ஒரு எச்சரிக்கையும் கொடுப்பார். "டெம்பரரி அட்ஜஸ்ட்மென்ட் உன் பாடு. ஒவ்வொரு ஸ்டேஷன்லேயும் பண்ணு. பர்மனென்ட் அட்ஜஸ்ட்மென்ட்ல கை வெச்சே, கையை ஒடிச்சிடுவேன்." அப்போது சிரித்தோம். அவர் சொன்னதன் அர்த்தம் எனக்கு விளங்கப் பத்து வருஷம் ஆயிற்று.

2019-ல் ஒரு மலையூரில் பழைய கல் தாங்குசுவர் ஒன்றை அளக்கும் வேலை வந்தது. நீளம் 30 மீட்டர், உயரம் 6 மீட்டர். சுவருக்கு மேலே ரோடு, கீழே பதினோரு வீடுகள். மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை அளந்து, சுவர் நகர்ந்திருக்கிறதா என்று சொல்ல வேண்டும். புகைப்பட அளவையியலில், அதாவது ஃபோட்டோகிராமெட்ரியில், செய்வதாக நான்தான் முன்வந்தேன். ஒரே புள்ளியைப் பல இடங்களிலிருந்து படம் எடுத்தால், ஒவ்வொரு படத்திலிருந்தும் ஒரு கோடு புறப்பட்டு அந்தப் புள்ளியில் வந்து வெட்டும். நம் இரண்டு கண்கள் செய்கிற காரியம்தான். இப்படி லட்சக்கணக்கான புள்ளிகளை மென்பொருள் கணக்கிட்டு, சுவரின் முழு வடிவத்தையே கொடுத்துவிடும்.

ஜூன் மாதம் ஒரு நல்ல டிஜிட்டல் காமிராவுடன் போனேன். 24 மெகாபிக்சல், ஜூம் லென்ஸ், எல்லாம் ஆட்டோவில். சுவருக்கு நேராக 7 மீட்டர் தள்ளி நடந்துகொண்டே, பக்கத்துப் படங்கள் 80 சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி, ஏறக்குறைய 300 படம். இரண்டு முனைகளிலும் அளவுக்குறிகள் வைத்தேன், நடுவில் வைக்கவில்லை. டிசம்பரில் மறுபடியும் அதே காமிரா, அதே நடை.

இரண்டையும் ஒப்பிட்டதும் எனக்கு வேர்த்துவிட்டது. சுவரின் நடுப்பகுதி 22 மில்லிமீட்டர் வெளியே பிதுங்கியிருப்பதாக வந்தது. உடனே சொல்ல வேண்டியவர்களிடம் சொன்னேன். அன்று இரவே பதினோரு குடும்பங்களும் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றப்பட்டன. மழை, குளிர். கைக்குழந்தைகள் வேறு.

மறுநாள் காலை சுவரைச் சுற்றி வந்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. பழைய விரிசல்களின் குறுக்கே யாரோ எப்போதோ ஒட்டியிருந்த கண்ணாடித் துண்டுகள் ஒன்றுகூட உடையவில்லை. 22 மில்லிமீட்டர் நகர்ந்த சுவரில் கண்ணாடி எப்படி முழுசாக இருக்கும்? கூட வந்த மேஸ்திரி, முனைக்கு முனை நூல் பிடித்து மூன்று இடத்தில் டேப்பால் அளந்தார். ஜூனிலும் அவர் அதே இடங்களில் அளந்து ஃபீல்டு புக்கில் எழுத வைத்திருந்தார். "எதுக்கும் இருக்கட்டும் சார்" என்று அன்றைக்குச் சொன்னார். நான் மனசுக்குள் சிரித்திருந்தேன். வித்தியாசம் 2 மில்லிமீட்டர்கூட இல்லை.

பள்ளிக்கூடத்தில் இரண்டு இரவு கழித்த ஒரு பாட்டி என்னைக் கேட்டார்: "ஏன் தம்பி, சுவரு சாஞ்சுதா, உங்க மிஷினு சாஞ்சுதா?"

மிஷின்தான் பாட்டி.

என்ன நடந்தது? லென்ஸுக்கும் சென்சாருக்கும் உள்ள தூரம், ஒளி அச்சு சென்சாரைத் தொடும் இடம், லென்ஸின் கோணல் ஆகியவைதான் காமிராவின் பர்மனென்ட் அட்ஜஸ்ட்மென்ட். எல்லாப் படத்துக்கும் அவை ஒன்றே என்று நம்பித்தான் மென்பொருள் கணக்குப் போடுகிறது. ஆட்டோஃபோகஸ் ஒவ்வொரு படத்துக்கும் அந்தத் தூரத்தை மாற்றியது. கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசேஷன், லென்ஸுக்குள் ஒரு கண்ணாடியை நகர்த்தி அச்சையே இடம் மாற்றியது. ஜூம் வளையம் தானாகவே கொஞ்சம் வழுக்கியிருக்கும். 300 படம் என்றால், 300 வெவ்வேறு காமிரா! போதாததற்கு, எல்லாப் படமும் சுவருக்கு நேர் எதிரே எடுத்தவை. அப்படி எடுத்தால் லென்ஸ் கோணலில் வரும் சின்னப் பிழையும் முழு மாடலையே வில்லாக வளைத்துவிடும். முனைகள் குறிகளில் கட்டுண்டு நிற்க, நடுப்பகுதி தொப்பை போடும். அந்த 22 மில்லிமீட்டர், இரண்டு தப்புக் கணக்குகளின் கழித்தல்.

இதில் வேதனை, ஜூன் அளவும் குப்பையானதுதான். ஜூன் மாதத்துச் சுவரை இனி யாரால் படம் எடுக்க முடியும்?

1858-ல் ஜெர்மனியின் வெட்ஸ்லார் தேவாலயத்தை அளக்க ஏறிய மைடன்பவர் என்ற இளம் பொறியாளர் மேலிருந்து விழத் தெரிந்தார். ஏறாமல் படத்திலிருந்தே அளந்தால் என்ன என்ற யோசனை அவருக்கு அதிலிருந்துதான் பிறந்தது. ஃபோட்டோகிராமெட்ரி என்ற பெயரும் 1867-ல் அவர் கட்டுரையில்தான் வந்தது. அவர் செய்வித்த அளவைக் காமிராக்களில் ஃபோகஸ் மாற்றவே முடியாது. தகடு உட்காரும் இடமும் நிலையானது. 160 வருஷத்துக்கு முன்னால் அவருக்குத் தெரிந்தது, 2019-ல் எனக்குத் தெரியவில்லை.

இப்போது என் வழக்கத்தைச் சொல்கிறேன். ஜூமே வேண்டாம், 35 மி.மீ. நிலையான லென்ஸ். ஃபோகஸை ஒருமுறை வைத்து, வளையத்தின் மேல் இன்சுலேஷன் டேப் சுற்றிவிடுவேன். எஃப் 8-ல், 7 மீட்டருக்கு ஃபோகஸ் வைத்தால் சுமார் 3 மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை தெளிவுதான். பிறகு ஆட்டோஃபோகஸ் எதற்கு? 'இன்னும் தெளிவு வேணும்' என்று எஃப் 16-க்குப் போகாதீர்கள். ஒளி விலகிப் பரவி, ஒரு புள்ளி 0.02 மி.மீ. வட்டமாகிவிடும், என் காமிராவின் பிக்சல் 0.006 மி.மீ.தான். ஸ்டெபிலைசேஷன் ஆஃப், டிரைபாட் கட்டாயம். படத்தைத் தானாகத் திருப்பும் வசதி, லென்ஸ் கோணலைக் காமிராவே திருத்தும் வசதி, இரண்டும் ஆஃப். நேர்ப் படங்களோடு இடமிருந்தும் வலமிருந்தும் சாய்வாகச் சில, காமிராவை நெட்டுக்குத்தாகப் பிடித்துச் சில. குறிகள் நடுவிலும் உண்டு. அவற்றில் சிலவற்றைக் கணக்கில் சேர்க்காமல், சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்வேன்.

நிறமும் அளவுதான் என்பதை இன்னொரு அடி வாங்கித் தெரிந்துகொண்டேன். தாங்குசுவரில் ஈரக்கறை எவ்வளவு பரவியிருக்கிறது என்பது முக்கியம். ஜூன் வெயிலுக்கும் டிசம்பர் மப்புக்கும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் தன் இஷ்டத்துக்கு நிறம் மாற்றியிருந்தது. நிழலைத் தானாக வெளிச்சமாக்கும் வசதி கறையையும் வெளுத்துக் காட்டியது. பார்க்க அழகான படங்கள், ஆனால் கறையை ஒப்பிட வழியில்லை. இப்போதெல்லாம் ரா ஃபைல், ஐ.எஸ்.ஓ. 100, மேனுவல் எக்ஸ்போஷர். வெயில் மாறும்போதெல்லாம் 24 கட்ட நிற அட்டையைச் சுவரோடு வைத்து ஒரு படம். கூடியவரை மேகமூட்டமான நாளிலேயே போவேன். கல்யாண வீடியோக்காரர் யாராவது என் படங்களைப் பார்த்தால் பரிதாபப்படுவார், அவ்வளவு சப்பென்று இருக்கும்.

2020 பிப்ரவரியில் புது முறையில், என் சொந்தச் செலவில், அந்தச் சுவரை மறுபடி எடுத்தேன். 2021 ஜனவரியில் அடுத்த முறை. நடுவில் ஒன்றுமில்லை. கிழக்கு முனையில் 6 மில்லிமீட்டர் நகர்வு. ஈரக்கறையும் அங்கேதான் அகலமாகியிருந்தது. இந்தத் தடவை யாரிடமும் சொல்வதற்கு முன்னால் மேஸ்திரியை நூல் பிடிக்கச் சொன்னேன். அவர் கணக்கிலும் 6. வீப் ஹோல் என்கிறோமே, அந்தத் துளைகள் அந்தப் பக்கம் முழுக்க மண்ணடைத்துக் கிடந்தன. தோண்டிச் சுத்தம் செய்தபோது இரண்டு நாள் தண்ணீர் வடிந்தது.

பாட்டி வீடு அந்தக் கிழக்கு முனைக்கு நேர் கீழே.

என் காமிராவை வெளியே பதிவு மேஜையில் வைத்திருக்கிறேன். மூன்றாம் ஆண்டு மாணவர்கள் தாராளமாக எடுத்துப் பார்க்கலாம். டேப்பை மட்டும் பிரித்துவிடாதீர்கள். நாளைக்கு வேலை இருக்கிறது.